கடலில் பெயர்த்த பவளமா, பண்ணையில் வளர்த்த பவளமா? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்பிய வாசகர் ஒருவருக்கு எழுதிய பதிலில், ‘கூடுமானவரை வளர்ப்புப் பவளத்தையே வாங்குங்கள்’ என்று ஒரு வரியைப் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் பல. அவற்றுள் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக முந்நூறு லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். ‘டார்ச்’ என்று விற்கப்படும் யூஃபிலியா இனப் பவளங்கள் இரண்டை அண்மையில் ஒரு கடையில் பார்த்தேன். ஒன்று இந்தோனேசியாவில் கடல் பண்ணையில் வளர்ந்தது என்றும், மற்றொன்று ஆஸ்திரேலியக் கடலில் முக்குளிப்பவர்கள் பெயர்த்தெடுத்தது என்றும் கடைக்காரர் சொன்னார். பண்ணைப் பவளத்தை வாங்குவதே நியாயம் என்கிறார் ஒரு நண்பர். பவளத்தால் பிழைப்பு நடந்தால்தான் கடலோர மக்கள் பவளப்பாறையைக் காப்பார்கள், ஆகவே கடலில் எடுத்ததை வாங்குவதில் தவறில்லை என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது? (வாசகர், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே பவளம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பார்க்கிறார்கள். அது எந்தப் பவளம் என்பதைப் பார்க்கவில்லை. கடைசியில் உங்கள் கேள்விக்கான விடை அந்த இரண்டாவது விஷயத்தில்தான் இருக்கிறது.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். ‘வளர்ப்புப் பவளம்’ என்ற ஒரே பெயரில் கடைகளில் இரண்டு வேறுபட்ட சரக்குகள் விற்கப்படுகின்றன. ஒன்று, வெப்பமண்டலக் கடலின் ஆழமில்லாத பகுதியில் மேசை போன்ற சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் சிறு சிமெண்டு வில்லைகளை அடுக்கி, ஒவ்வொரு வில்லையிலும் ஒரு பவளத் துண்டைப் பொருத்திச் சில மாதங்கள் வளரவிட்டு எடுப்பது. மற்றொன்று, கடலோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஒரு கிடங்கில், செயற்கை உப்புநீரும் மின்விளக்கும் கொண்டு தொட்டியிலேயே வளர்ப்பது. உயிருள்ள சதையோடு ஒடிந்த துண்டு தானே ஒரு புதிய பவளமாக வளரும் என்பதால்தான் இரண்டும் சாத்தியமாகின்றன. முருங்கைப் போத்தை ஒடித்து நட்டு மரமாக்குவதைப் போன்றதுதான் இது. விதை, இனப்பெருக்கம் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

போத்து ஒடிக்க ஒரு தாய்மரம் வேண்டும் அல்லவா? கடல் பண்ணையில் அந்தத் தாய்ப் பவளம் கடலிலிருந்துதான் வருகிறது. அதை ஒருமுறை எடுத்துவந்து, அதிலிருந்து பல ஆண்டுகள் துண்டுகள் ஒடித்து, அந்தத் துண்டுகளிலிருந்து மறுதுண்டுகளும் ஒடித்து விற்றால், கடலில் எடுத்த ஒரு பவளம் நூற்றுக்கணக்கான தொட்டிகளை நிரப்பிவிடும். மாறாக, நிறம் எடுப்பாக இருக்கிறது என்று ஆண்டுதோறும் புதுப்புதுத் தாய்ப் பவளங்களைக் கடலிலிருந்து கொண்டுவந்து, ஒருமுறை ஒடித்துவிட்டு அவற்றையும் விற்கும் பண்ணையாக இருந்தால், அதற்குப் பண்ணை என்று பெயர் வைத்திருப்பதில் பொருளில்லை. இரண்டுக்கும் கடையில் ஒரே சீட்டுத்தான் ஒட்டப்படுகிறது.

இனி உங்கள் இரண்டாவது நண்பரின் வாதம். அதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பிலிப்பைன்ஸ் 1977ஆம் ஆண்டிலேயே பவளம் எடுப்பதையும் ஏற்றுமதி செய்வதையும் ஆணை பிறப்பித்துத் தடுத்தது. ஆனால் அந்நாட்டுப் பவளப்பாறைகள் வெடி வைத்து மீன் பிடிப்பதாலும் சயனைடு கரைசல் தெளித்து மீன் பிடிப்பதாலும் அதன்பிறகும் சிதைந்துகொண்டேதான் இருந்தன. பவள வணிகத்தை நிறுத்திவிட்டால் பாறை பிழைத்துவிடும் என்பது அத்தனை எளிய கணக்கன்று.

உயிர்ப் பவள ஏற்றுமதியில் உலகில் முதலிடத்தில் இருந்துவந்த இந்தோனேசியா, 2018 மே மாதத்தில் அந்த ஏற்றுமதியைத் திடீரென நிறுத்தியது. கடலில் எடுத்தவை, பண்ணையில் வளர்ந்தவை என்ற வேறுபாடு எதையும் பார்க்காமல் இரண்டுக்கும் ஒன்றாகக் கதவு மூடப்பட்டது. பாலியிலும் பிற தீவுகளிலும் கடலுக்குள் சட்டங்களில் வளர்ந்துகொண்டிருந்த பவளங்களை விற்க வழியில்லாமல் பண்ணை வேலையாட்கள் வருமானம் இழந்தார்கள். மீன்பிடியை விட்டு அத்தொழிலுக்கு வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். 2020 தொடக்கத்தில்தான் பண்ணைப் பவளத்துக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், ஏற்கெனவே தொட்டிகளில் இருந்த பவளங்களை ஒடித்து விற்ற மேலை நாட்டுக் கிடங்குக்காரர்களுக்கு நல்ல காலம். தொட்டியிலேயே வளர்ந்த பவளம் கடலுக்கு எந்தத் தீங்கும் செய்யாதது என்பது உண்மைதான். அந்தப் பவளத்தின் பூர்விகக் கடலோரத்தில் வாழும் குடும்பத்துக்கு அதிலிருந்து ஒரு காசும் போவதில்லை என்பதும் உண்மை. சாலமன் தீவுகளில் கடலோரக் கிராமத்துக் குடும்பங்கள் வீட்டெதிரே உள்ள கடலில் பவளத் துண்டுகளை வளர்த்து ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுத்து வந்திருக்கின்றன. பண்ணை, கிடங்கு, கிராமத்துக் குடும்பம் என்ற இந்த மூன்று வழிகளில் என் மனத்துக்கு மிக உவப்பானது அதுதான்.

நீங்கள் பார்த்த மற்றொரு பவளம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்கிறீர்கள். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பவளம் எடுப்பது உரிமம் பெற்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தொழில். உரிமம் பெற்றவர்கள் நீருக்குள் இறங்கி உளியும் சுத்தியலும் கொண்டு ஒவ்வொன்றாகப் பெயர்க்கிறார்கள். பாறைத் துண்டுகளையும் சேர்த்து ஆண்டுக்கு 200 டன் என்பது உச்ச வரம்பு. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும் இந்த அளவு, இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் நீளமுள்ள பெருந்தடுப்புப் பவளத்திட்டின் முன் மிகச் சிறியது. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அடுத்தடுத்துக் கடல் சூடேறி வெளிறி அங்கே மடிந்த பவளத்தோடு ஒப்பிட்டால் உளிக்காரர்கள் எடுத்தது ஒரு பொருட்டே அன்று. தொட்டிப் பவள வணிகம்தான் உலகின் பவளப்பாறைகளை அழிக்கிறது என்று சொல்பவர்கள் குற்றவாளியை மாற்றிப் பிடிக்கிறார்கள். கடலின் சூடுதான் முதல் குற்றவாளி.

ஆனால் மொத்த டன் கணக்கு இங்கே நம்மை ஏமாற்றிவிடும். பவளம் எடுப்பவர் கண்ணில் பட்டதையெல்லாம் எடுப்பதில்லை. விலை போகும் இனத்தில், விலை போகும் நிறத்தில், தொட்டிக்கு அடங்கும் அளவில் உள்ளதைத் தேடித் தேடி எடுக்கிறார். கிளைவிட்டு வளரும் அக்ரோபோரா ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேலாக நீளக்கூடியது. ஒரு கிளையை ஒடித்தால் தாய்க்கு அது ஒரு கீறல் மட்டுமே. ஆனால் டிராக்கிஃபிலியா, சைனரினா, கடைகளில் ‘ஸ்கோலிமியா’ என்று அழைக்கப்படும் பவளம் ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. இவை பெரும்பாலும் ஒற்றை வாய் அல்லது சில வாய்களே கொண்ட, உள்ளங்கையளவுள்ள, தனித்து வாழும் பவளங்கள். மெதுவாக வளர்பவை, பாறைத்திட்டின் நடுவில் அன்றி, ஓரத்து மணலிலும் சேற்றிலும் சிதறலாக இருப்பவை. ஒடித்துப் பெருக்க ஏற்ற கிளை இவற்றில் இல்லை. ஆகவே கடையில் இருக்கும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய கடலிலிருந்து முழு உயிராக எடுக்கப்பட்டது என்றே கொள்ளலாம். ஒரு குறிப்பிட்ட விரிகுடாவின் சேற்றுத் தரையில் சிவப்பு நிறத்தன அனைத்தையும் ஒரு பருவத்தில் பொறுக்கிவிட்டால், உலகக் கணக்கில் அது புள்ளியாகக்கூடத் தெரியாது. அந்த விரிகுடாவில் மட்டும் தெரியும். குயின்ஸ்லாந்து அரசு மொத்த வரம்போடு நிற்காமல் சில இனங்களுக்கெனத் தனி வரம்புகளை 2021இல் கொண்டுவந்ததும் இதனால்தான்.

இப்போது உங்கள் டார்ச்சுக்கு வருகிறேன். அது கிளைவிடும் யூஃபிலியா. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு தலை இருக்கும்; சதை அந்த நுனியில் மட்டுமே ஒட்டியிருக்கும்; கீழே உள்ள தண்டு வெறும் சுண்ணாம்பு. சதைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே நுண்ரம்பத்தால் அறுத்தால், அறுபட்டது தனக்குத் தெரியாதது போல மறுநாளே விரிந்து நிற்கும். இவ்வளவு எளிதாகப் பெருக்கக்கூடிய பவளத்தைக் கடலிலிருந்து பெயர்த்துக்கொண்டுவரத் தேவையே இல்லை. ஆகவே பண்ணைப் பவளத்தை வாங்குங்கள். அதைவிட மேலானது ஒன்று உண்டு: உங்கள் ஊரிலேயே ஐந்தாறு ஆண்டுகளாக டார்ச் வளர்த்துவரும் ஒருவரிடம் இரண்டு தலைகளை அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பவளம் விமானத்தில் நெகிழிப் பைக்குள் இரண்டு நாள் அடைபட்டு வந்தது அன்று. தொட்டி வாழ்க்கைக்கு ஏற்கெனவே பழகியது. பிழைக்கும் வாய்ப்பும் அதற்கே அதிகம்.

கேள்வி: ‘பண்ணைப் பவளம்’ என்று சொல்லிக் கடல் பவளத்தையே தலையில் கட்டுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். வாங்குபவர் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? (வாசகி, ஸ்கார்பரோ, கனடா)

பதில்: பெரும்பாலும் முடியும், அதற்குப் பவளத்தின் தலையைப் பார்க்காமல் காலைப் பார்க்க வேண்டும்.

பண்ணையில் மாதக்கணக்கில் வளர்ந்த பவளம், தான் ஒட்டப்பட்ட வில்லையின்மேல் மெழுகு உருகி வழிந்தது போலப் படர்ந்திருக்கும். அக்ரோபோராவும் மாண்டிபோராவும் இதை மிகத் தெளிவாகக் காட்டும். விளிம்பில் புது வளர்ச்சி வெளிறிய கோடாகத் தெரியும். ஒட்டிய பசை சதைக்கடியில் மறைந்துபோயிருக்கும். வில்லையின் அடிப்புறத்தில் இளஞ்சிவப்புப் பாசி பூத்திருக்கும். நேற்றுப் பெயர்த்து இன்று ஒட்டிய பவளத்திலோ, பசை பளபளவென்று வெளியே தெரியும். தண்டுக்கும் வில்லைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அடியில் உளி பட்ட முறிவு வெள்ளையாக, கூர்மையாக இருக்கும். முறிவில் துளையிட்டுக் குடியிருக்கும் சிறு சிப்பிகளோ கடற்பஞ்சோ இருந்தால் அந்தப் பவளம் பல ஆண்டுகள் பாறையில் நின்றது என்று பொருள். கிளைகளின் இடுக்கில் நகத்தளவு நண்டு ஒன்று கண்ணை உருட்டிக்கொண்டிருந்தாலும் அதே ஐயம் எழ வேண்டும். (கடல் பண்ணையிலும் நண்டு குடியேறும் என்பதால் நண்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.)

யூஃபிலியா போன்றவற்றில் சதை நுனியில் மட்டும் இருப்பதால் அவை வில்லையின்மேல் படர்வதில்லை. ஆகவே அங்கே இந்தச் சோதனை பலிக்காது. அத்தகைய பவளங்களில் தலைகளின் எண்ணிக்கையையும் கிளைவிட்ட முறையையும் பாருங்கள். பதினைந்து தலைகளோடு பந்துபோல் திரண்ட பெரிய கொத்து ஒன்று கட்டைவிரலளவு வில்லையில் உட்கார்ந்திருந்தால், அது அந்த வில்லையில் வளர்ந்ததாக இருக்க முடியாது.

காகிதத்துக்கும் ஓர் இடம் உண்டு. சுண்ணாம்பு எலும்புக்கூடு கொண்ட கடினப் பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருப்பதால், நாடு விட்டு நாடு செல்லும் ஒவ்வொரு சரக்குக்கும் ஏற்றுமதி நாட்டின் அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். அதில் மூலத்தைக் குறிக்கும் ஓர் எழுத்து இருக்கும்: கடலில் எடுத்தது என்றால் ‘டபிள்யூ’, கட்டுப்பாட்டில் பெருக்கியது என்றால் ‘சி’, வளர்ப்பு, ஆனால் ‘சி’ பெறுவதற்கான நிபந்தனைகளை முழுவதும் நிறைவு செய்யாதது என்றால் ‘எஃப்’. சில்லறைக் கடைக்காரரிடம் அந்தச் சீட்டு இருக்க வேண்டியதில்லை. ஆனால் நல்ல கடைக்காரருக்குத் தம் சரக்கில் எது எந்த எழுத்தில் வந்தது என்பது தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள். ‘எல்லாமே வளர்ப்புதான்’ என்ற ஒரே விடை ஸ்கோலிமியாவுக்கும் சேர்த்து வந்தால், அந்தக் கடையில் மற்ற விடைகளையும் நம்ப வேண்டாம். லெதர் கோரல், காளான் பவளம், சூவாந்தஸ் போன்ற எலும்புக்கூடு இல்லாதவற்றுள் பெரும்பாலானவை இந்த உடன்படிக்கைப் பட்டியலிலேயே இல்லை. அவற்றுக்கு எழுத்தும் இல்லை, கணக்கும் இல்லை. நல்லவேளையாக, ஒடித்துப் பெருக்க மிக எளியவையும் அவைதான்.

கேள்வி: அரிய நிறங்களில் வரும் ‘கார்னேஷன்’ பவளமும், பூங்கொத்துப் போன்ற கோனியோபோராவும் வாங்க ஆசை. இவை கடலில் ஏராளமாக இருக்கின்றன என்பதால் எடுத்தாலும் தீங்கில்லை என்று விற்பவர் சொன்னார். (வாசகர், ஷார்ஜா)

பதில்: கடலில் ஏராளமாக இருக்கலாம். உங்கள் தொட்டியில் எத்தனை மாதம் இருக்கும் என்று அவரிடம் கேட்டீர்களா?

பெரும்பாலான தொட்டிப் பவளங்கள் தம் சதைக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியில் தயாரிக்கும் உணவால் வாழ்கின்றன. விளக்கு நன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ‘கார்னேஷன்’ என்று விற்கப்படும் டென்ட்ரோநெஃப்தியாவில் அந்த நுண்பாசிகள் இல்லை. ஓடும் நீரில் இடைவிடாது மிதந்துவரும் மிக நுண்ணிய இரையை மட்டுமே நம்பி வாழ்கிறது அது. வீட்டுத் தொட்டியில் அந்த அளவு இரையைக் கொட்டினால் தண்ணீர் கெடும். கொட்டாவிட்டால் பவளம் நாளுக்கு நாள் சுருங்கி, சில வாரங்களில் கரைந்துபோகும். அது வளர்ப்பில் வருவதும் இல்லை. ஆக, கடையில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு கார்னேஷனும் கடலில் எடுக்கப்பட்டு, பட்டினியால் சாவதற்கென்றே விற்கப்படுகிறது. இந்த ஒன்றில் மட்டும் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

கோனியோபோராவைப் பற்றிச் சொல்லும்போது என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தொட்டி வைக்கத் தொடங்கிய புதிதில் நான் இரண்டு வாங்கினேன். முதல் மூன்று மாதங்கள் விரல் நீளத்துக்கு மலர்ந்து ஆடின. நான்காம் மாதத்தில் ஒரு பக்கம் மட்டும் விரியாமல் நின்றது. எட்டாம் மாதத்தில் வெள்ளை எலும்பு மட்டும் மிஞ்சியது. கடைக்காரர் என் தண்ணீரைக் குறை சொன்னார். நான் அடுத்ததை வாங்கினேன். அதுவும் அதே வழியில் போயிற்று. அந்தக் காலத்தில் கோனியோபோரா பெரும்பாலான தொட்டிகளில் ஓராண்டைத் தாண்டாது என்பது தொழிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும் என்று பிறகுதான் அறிந்தேன். இன்று தீனியும் நீரின் நுண்சத்துகளும் நன்றாகப் புரிந்துகொள்ளப்பட்டதால் நிலைமை மாறியிருக்கிறது. தொட்டியிலேயே பெருக்கிய கோனியோபோராத் துண்டுகள் கிடைக்கின்றன. அவை பிழைக்கவும் செய்கின்றன. அந்தத் துண்டு கிடைத்தால் வாங்குங்கள். கால்பந்தளவு முழுப் பவளம் மலிவாக வந்திருக்கிறது என்று விற்பவர் ஆசைகாட்டினால் கடந்துபோய்விடுங்கள்.

இதையே சற்று நீட்டிச் சொல்கிறேன். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கையொன்று, ஆண்டுதோறும் உலகச் சந்தைக்கு வரும் கடினப் பவளத் துண்டுகள் 1.1 கோடி முதல் 1.2 கோடி வரை என்று 2003இல் மதிப்பிட்டது. அவை அனைத்தும் தொட்டிகளில் நெடுங்காலம் வாழ்ந்திருந்தால் ஆண்டுதோறும் அத்தனை தேவைப்பட்டிருக்காது. செத்ததற்குப் பதிலாக வாங்கப்பட்டவை அவற்றுள் எத்தனையோ! நான் கடலில் எடுத்த பவளம் ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். இதுவரை நாற்பது பேருக்கு அதிலிருந்து துண்டு கொடுத்திருப்பேன். பண்ணையில் வளர்ந்ததென்று ஆண்டுக்கு ஆறு வாங்கி ஆறையும் சாகவிடுபவரைவிட நான் கடலுக்குக் குறைவான கடன்காரன் என்றே நினைக்கிறேன். இதை நான் எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று நீங்கள் கருதினாலும் சரி.

‘சன் கோரல்’ எனப்படும் ட்யூபாஸ்ட்ரியாவையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அதற்கும் நுண்பாசி கிடையாது. ஆனால் அதன் வாய்கள் பெரியவை. இரவில் விளக்கணைத்தபின் அவை மஞ்சள் பூக்களாக விரியும்போது, உருகிய இறால் துணுக்குகளைக் குழலில் எடுத்து ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். முப்பது வாய் என்றால் முப்பது முறை, வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஆண்டுக்கணக்கில். செய்வேன் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவர் வாங்கலாம்.

கேள்வி: கொளத்தூர்ப் பகுதியில் மீன் கடைகளைச் சுற்றிப் பார்த்தபோது உயிர்ப் பவளம் விற்பனைக்கு உண்டு என்று ஒருவர் காதில் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்த வளர்ப்புப் பவளம், நம் கடலில் எடுத்தது அன்று என்கிறார். வாங்கலாமா? (வாசகர், பெரம்பூர், சென்னை)

பதில்: வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில், பாறை கட்டும் கடினப் பவளங்கள் முழுவதும் இருக்கின்றன. கருப்புப் பவளம், தீப்பவளம், குழாய்ப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் அங்கே உண்டு. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகும் இந்த நிலை மாறவில்லை. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை. காதில் சொல்லி விற்கப்படும் பொருளுக்கு ரசீதும் இருக்காது, சீட்டும் இருக்காது. அது இந்தோனேசியப் பண்ணையிலிருந்து வந்ததா, இரவில் தூத்துக்குடிப் பக்கம் வேம்பாருக்கு அப்பால் பெயர்த்ததா என்பதை நிறுவ உங்களிடம் எதுவுமே இருக்காது. ஆகவே சிங்கப்பூர் வாசகருக்குச் சொன்ன நுணுக்கங்கள் எதுவும் உங்களுக்குப் பயன்படா.

மன்னார் வளைகுடாவில் இந்தத் தடைக்குக் காரணம் தொட்டிப் பவளம் அன்று, சுண்ணாம்பு என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். தூத்துக்குடிக் கரையோரத்தில் பவளக்கல்லைப் படகு படகாகப் பெயர்த்துவந்து, சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். கட்டடத்துக்கும் தொழிற்சாலைக்கும் அது போயிற்று. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆனால் அரணாக நின்ற பவளத்தை இழந்த பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காக எடுத்தவர்களும் அதை ஏராளமாக இருக்கிறது என்றே சொல்லியிருப்பார்கள். அலை ஒதுக்கிய செத்த பவளக்கல்லைத் தொட்டிக்கு அழகாக இருக்குமென்று இராமேசுவரத்திலிருந்து பையில் எடுத்து வருபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சட்டம் செத்த பவளத்துக்கும் பொருந்தும்.

கடல்நீர்த் தொட்டியே உங்களுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் ‘நீமோ’ மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் நுட்பத்தைப் பல ஆண்டுகளாகச் செய்துகாட்டி வருகிறார்கள். பொரிப்பகத்து மீன்களை வாங்கி, களிமண்ணிலும் சிமெண்டிலும் செய்த செயற்கைப் பாறைகளை அடுக்கி வைத்தால் அழகான தொட்டி அமையும். பவளம் பார்க்கும் ஆசைக்கு இராமேசுவரம் பக்கம் வனத்துறையின் கண்ணாடி அடித்தளப் படகில் ஏறிப் பாருங்கள்.

கேள்வி: வீடு மாறுவதால் தொட்டியை எடுத்துவிட வேண்டிய கட்டாயம். என்னிடம் இருக்கும் பவளங்களில் சில கடலிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றைக் கடலிலேயே விட்டுவிட்டால் செய்த பிழைக்குப் பரிகாரம் ஆகாதா? (வாசகி, டார்வின், ஆஸ்திரேலியா)

பதில்: உங்கள் மனம் புரிகிறது, ஆனால் அந்தப் பரிகாரம் முன்னதைவிடப் பெரிய பிழையாக முடியும். உங்கள் தொட்டியில் எத்தனையோ இடத்துப் பவளங்களும் பாறைகளும் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன. அவற்றில் எந்தப் பாசி, எந்தப் புழு, எந்த நோய்க்கிருமி ஒட்டியிருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தொட்டி அலங்காரத்துக்கு வைத்த காலெர்பா பாசி 1984இல் மொனாக்கோவின் கடலோரத்தில் ஒரு சிறு திட்டாகக் காணப்பட்டது. அங்கிருந்து நடுநிலக் கடலின் வடகரை நெடுகப் பரவிற்று. புளோரிடாவில் தொட்டிகளிலிருந்து தப்பியதாகக் கருதப்படும் சிங்கமீன் இன்று கரீபியன் முழுவதும் பவளப்பாறை மீன்குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது. நம் மன்னார் வளைகுடாவிலேயே, சாகுபடிக்கென்று கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவருகே உயிருள்ள பவளங்களின்மேல் போர்வையாய்ப் படர்ந்து அவற்றை மூச்சுமுட்ட வைத்தது.

பவளங்களை வேறு தொட்டிக்காரர்களிடம் கொடுங்கள். ஊரில் அவர்களுக்கென ஒரு குழு கட்டாயம் இருக்கும். பெரிய கொத்துகளைத் துண்டுகளாக ஒடித்துப் பலருக்குப் பங்கிட்டால், ஒரு தொட்டியில் விபத்து நேர்ந்தாலும் மற்றதில் அந்தப் பவளம் தங்கும். ஒடிக்கும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். சூவாந்தஸ் வகைகளில் சிலவற்றின் சதையில் கொடிய நஞ்சு உண்டு. அவற்றை வெந்நீரில் போடவோ காய்ந்த பாறையோடு சுரண்டவோ கூடாது. யாருக்கும் வேண்டாத பாறைகளை வெயிலில் நன்றாகக் காயவிட்டபின் அப்புறப்படுத்துங்கள். தொட்டித் தண்ணீரை மழைநீர் வடிகாலில் ஊற்றிவிடாதீர்கள், அது நேராகக் கடலுக்குத்தான் போகும். வாளியில் வெளுப்பான் கலந்து ஒரு நாள் வைத்து, மறுநாள் கழிப்பறையில் ஊற்றுங்கள்.